அணைத்த பிறகும் எல்இடி விளக்கு மங்கலாக ஒளிர்வது ஏன்?

ஸ்விட்சை அணைத்து அறை முழுவதும் இருண்ட பிறகும் எல்இடி விளக்கில் மட்டும் சாம்பல் நிறத்தில் ஒரு வெளிச்சம் தங்கியிருப்பதைப் பலர் கவனித்திருப்பார்கள். இதைப் பற்றி விசாரித்தால் கிடைக்கும் பதில்கள் ஒன்றுக்கொன்று முரணாக இருக்கும். பல்பு மட்டமானது என்பார் ஒருவர். வீட்டில் மின்சாரம் கசிகிறது, ஒருநாள் தீப்பிடிக்கும் என்று அச்சுறுத்துவார் இன்னொருவர். இதெல்லாம் இயல்பு, கண்டுகொள்ள வேண்டாம் என்பார் மற்றொருவர். மூன்று பேச்சிலுமே ஓரளவு உண்மை உண்டு. எந்தச் சூழ்நிலையில் எது பொருந்தும் என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை. பார்வைக்கு ஒன்றுபோல் தெரியும் இந்த மங்கல் ஒளிக்குப் பல காரணங்கள் உள்ளன. அவற்றில் பெரும்பாலானவை தீங்கற்றவை. ஒன்றிரண்டு மட்டும் பல்பை மாற்றக் கை நீட்டுபவரின் உயிருடன் தொடர்புடையவை. அவற்றைப் பிரித்தறியும் வழியைப் படிப்படியாகப் பார்ப்போம்.

குண்டு பல்பில் தெரியாதது எல்இடியில் ஏன் தெரிகிறது?

குண்டு பல்பு சூட்டினால் ஒளிர்கிறது. அதனுள் இருக்கும் டங்ஸ்டன் இழை கண்ணுக்குத் தெரியும் அளவுக்குச் செந்நிறமாக ஒளிரத் தொடங்கவே ஏறத்தாழ 525 டிகிரி செல்சியஸ் வெப்பம் தேவை. திடப்பொருள்கள் அனைத்துக்கும் ஏறக்குறைய இதே எல்லைதான் என்பதை ஜான் வில்லியம் டிரேப்பர் 1847ஆம் ஆண்டில் பதிவு செய்தார். 60 வாட் குண்டு பல்பு ஒன்று 230 வோல்ட்டில் கால் ஆம்பியருக்குச் சற்று மேலான மின்னோட்டத்தை எடுத்துக்கொள்கிறது. அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு மட்டும் இழை வழியாக ஓடினால், இழை வெதுவெதுப்பாகக்கூட ஆகாது.

எல்இடி என்பது ஒளி உமிழும் குறைகடத்தி. அது சூட்டினால் ஒளிர்வதில்லை. அதனுள் எலக்ட்ரான்கள் உயர்ந்த ஆற்றல் நிலையிலிருந்து தாழ்ந்த நிலைக்கு இறங்கும்போது, விடுபடும் ஆற்றலின் ஒரு பகுதி நேரடியாக ஒளியாகிறது. ஆகவே இத்தனை டிகிரி சூடான பிறகுதான் ஒளிரும் என்ற தடை அதற்கு இல்லை. ஒரு மைக்ரோ ஆம்பியர் என்பது ஆம்பியரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு; அதுபோன்ற சில மைக்ரோ ஆம்பியர்கள் ஓடினாலே எல்இடியில் ஒளி வந்துவிடும். இதோடு நம் கண்ணின் இயல்பும் சேர்ந்துகொள்கிறது. இருட்டில் இருபது முப்பது நிமிடங்கள் இருந்தால் கண்ணின் உணர்திறன் பல மடங்கு பெருகிவிடுவதால், மாலையில் புலப்படாத ஒளி நள்ளிரவில் உறக்கத்தையே கெடுக்கும் அளவுக்குத் தெரிகிறது.

இதுவரை பார்த்ததன் சாரம் இது: அந்தச் சிறிய மின்னோட்டம் குண்டு பல்பு இருந்த காலத்திலும் அதே கம்பிகளில் ஓடியிருக்கக்கூடும், அதை வெளிக்காட்டும் விளக்கு அப்போது இல்லை. எனவே ஒளிர்வது எல்இடி என்பதால் குறையும் எல்இடியில்தான் இருக்க வேண்டும் என்ற முடிவு பெரும்பாலும் தவறாகவே இருக்கும்.

ஸ்விட்ச் எதைத் துண்டிக்கிறது?

ஒரு விளக்குக்கு இரண்டு கம்பிகள் வருகின்றன. ஒன்று ஃபேஸ், நிலத்தை ஒப்பிட முழு மின்னழுத்தமும் இதில்தான் இருக்கிறது. மற்றொன்று நியூட்ரல், மின்னோட்டம் திரும்பிச் செல்லும் பாதையான இது, நிலத்தின் மின்னழுத்தத்தை ஒட்டியே இருக்கும். சாதாரண ஸ்விட்ச் இந்த இரண்டில் ஒன்றை மட்டும் துண்டிக்கிறது. முறையாக அமைக்கப்பட்ட வயரிங்கில் அது ஃபேஸ் கம்பியாக இருக்க வேண்டும்.

துண்டித்துவிட்டால் மின்னோட்டம் முழுவதுமாக நின்றுவிடும் என்று நாம் எண்ணுகிறோம். ஸ்விட்ச் பிரிப்பது அதன் இரு உலோக முனைகளை மட்டுமே. அந்த இடைவெளியைச் சுற்றிக்கொண்டு போக வேறு பாதைகள் இருந்தால், அவற்றின் வழியே சிறிதளவு மின்னோட்டம் விளக்கைச் சென்றடையும். மங்கல் ஒளி எங்கிருந்து வருகிறது என்று தேடுவது, இந்தச் சுற்றுப்பாதை எது என்று தேடுவதுதான்.

தொட்டுக்கொள்ளாத கம்பிகளுக்கிடையே மின்னோட்டம்

மிகுதியாகக் காணப்படும் காரணமும், மிகக் குறைவாகப் புரிந்துகொள்ளப்பட்ட காரணமும் இதுவே. ஆகவே சற்று விரிவாகப் பார்ப்போம்.

இருபுறமும் தோல் கட்டிய ஒரு மேளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கத் தோலில் தட்டினால் மறுபக்கத் தோலும் அதிர்கிறது. தட்டிய கை மறுபக்கத்தைத் தொடவில்லை. தோலைத் துளைத்துக்கொண்டு எதுவும் உள்ளே போகவுமில்லை. ஆயினும் அசைவு மறுபக்கம் போய்ச் சேர்ந்துவிடுகிறது. தட்டுவதற்குப் பதிலாக ஒரு பக்கத் தோலை அழுத்தி அப்படியே பிடித்துக்கொண்டால், மறுபக்கத் தோல் ஒருமுறை புடைத்து அத்தோடு நின்றுவிடும். தொடர்ந்து அதிர வேண்டுமானால் தொடர்ந்து தட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

வீட்டு மின்சாரம் தொடர்ந்து தட்டிக்கொண்டே இருக்கும் வகையைச் சேர்ந்தது. பல நாடுகளில் அது நொடிக்கு 50 முறையும், சில நாடுகளில் 60 முறையும் திசை மாறி மாறி அலைகிறது. சுவருக்குள் ஒரே குழாயில் இரண்டு கம்பிகள் அருகருகே செல்லும்போது, அவற்றின் பிளாஸ்டிக் உறை இடையே தடுப்பாக நிற்கிறது. கடத்திகள் இரண்டும் நடுவே கடத்தாப்பொருள் ஒன்றும் கொண்ட இத்தகைய அமைப்புக்குக் கெப்பாசிட்டர், அதாவது மின்தேக்கி, என்று பெயர். கடையில் வாங்கும் கெப்பாசிட்டருக்கும் சுவருக்குள் தானாக உருவான இந்தக் கெப்பாசிட்டருக்கும் அடிப்படையில் வேறுபாடு இல்லை, அளவுதான் சிறியது. ஒரு கம்பியில் மின்னழுத்தம் ஏறி இறங்கும்போதெல்லாம், மின்சாரம் துண்டிக்கப்பட்ட பக்கத்துக் கம்பியிலும் மின்னூட்டம் முன்னும் பின்னும் அசைகிறது. உறையில் எந்த ஓட்டையும் இல்லாமலே அந்த அசைவு ஒரு மின்னோட்டமாகி விளக்கைச் சென்றடைகிறது.

எவ்வளவு மின்னோட்டம் என்பதைக் கணக்கிட்டே பார்த்துவிடலாம். ஒரு மீட்டர் தூரம் ஒட்டிச் செல்லும் இரு கம்பிகளுக்கிடையே, கம்பியின் வகையைப் பொறுத்து, 100 பிக்கோ ஃபாரட் (ஃபாரட் என்பது மின்தேக்குத்திறனின் அலகு) வரை மின்தேக்குத்திறன் இருக்கலாம். பத்து மீட்டர் சென்றால் அது 1,000 பிக்கோ ஃபாரட், அதாவது 1 நானோ ஃபாரட். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கு இது ஏறத்தாழ 32 லட்சம் ஓம் தடை போலச் செயல்படும். 230 வோல்ட்டை அதால் வகுத்தால் கிடைப்பது சுமார் 70 மைக்ரோ ஆம்பியர். குண்டு பல்புக்கு ஒன்றுமே இல்லாத இந்த அளவு எல்இடிக்குத் தாராளமாகப் போதும்.

மாடிப்படி விளக்குகளில் இந்தத் தொல்லை அடிக்கடி வருவதற்குத் தெளிவான காரணம் உண்டு. கீழே ஒன்றும் மேலே ஒன்றுமாக டூ-வே ஸ்விட்ச் அமைக்கும்போது, இரண்டுக்கும் இடையே இரு கம்பிகள் நெடுகச் செல்கின்றன. விளக்கு அணைந்திருக்கும் நிலையில் அவற்றில் ஒன்று ஃபேஸுடனும் மற்றொன்று விளக்குடனும் இணைந்திருக்கும். இரண்டும் ஒரே குழாயில் ஒட்டிக்கொண்டு போவதால், ஃபேஸுக்கும் விளக்குக்கும் இடையே ஒரு கெப்பாசிட்டரை நாமே வைத்துக் கட்டியது போலாகிவிடுகிறது. வயரிங்கில் எந்தப் பிழையும் இல்லாத வீட்டிலும் இப்படி நேரும்.

சுருக்கமாக: கம்பிகள் நீளமாகவும் நெருக்கமாகவும் செல்லும் இடத்தில், உறை பழுதடையாமலே சிறு மின்னோட்டம் தாவும். இதனால் மட்டும் வரும் ஒளி ஆபத்தானதல்ல. விளக்கையும் குறிப்பிடத்தக்க அளவில் பாதிப்பதில்லை.

ஸ்விட்ச் நியூட்ரலில் இருந்தால்

ஆபத்தான காரணம் இதுதான். வயரிங் செய்தவர் ஃபேஸுக்குப் பதிலாக நியூட்ரல் கம்பியை ஸ்விட்ச் வழியாகக் கொண்டுவந்திருந்தாலும் விளக்கு வழக்கம்போல எரியும், வழக்கம்போல அணையும். ஆண்டுக்கணக்கில் யாருக்கும் ஐயம் எழாது. ஆனால் ஸ்விட்ச் அணைந்திருக்கும்போதும் விளக்கின் உள்ளுறுப்புகள் அனைத்தும் முழு ஃபேஸ் மின்னழுத்தத்திலேயே இருக்கும். அங்கிருந்து, ஸ்விட்சுக்குச் செல்லும் கம்பியை ஒட்டியுள்ள மற்ற கம்பிகளுக்கும், எர்த் செய்யப்பட்ட உலோகக் கூட்டுக்கும், முன்பு சொன்ன அதே முறையில் சிறு மின்னோட்டம் செல்கிறது. எல்இடிகள் பொருத்தப்பட்டிருக்கும் அலுமினியத் தகட்டுக்கும் எல்இடிகளுக்கும் இடையே மெல்லிய காப்புப் படலம் மட்டுமே இருப்பதால், உலோக உடல் கொண்ட விளக்குகளில் இது மேலும் எளிதாக நிகழும்.

இங்கே ஒளி ஒரு பொருட்டல்ல; ஹோல்டர்தான் பொருட்டு. ஸ்விட்சை அணைத்துவிட்டோம் என்ற நம்பிக்கையில் பல்பைக் கழற்றுபவரின் விரல் ஹோல்டரின் உலோகத்தில் பட்டால், அவர் தொடுவது முழு மின்னழுத்தம் உள்ள ஃபேஸ் கம்பியை. ஆகவே மங்கல் ஒளி தொந்தரவாக இல்லாவிட்டாலும், இந்த ஒரு காரணம் இல்லை என்பதை மட்டும் உறுதி செய்துகொள்ளாமல் விடக் கூடாது.

பிளக்கில் செருகும் மேசை விளக்குகளிலும் இதன் சிறு வடிவம் உண்டு. எந்தப் பக்கமாகவும் செருகக்கூடிய இருமுனைப் பிளக் உள்ள விளக்கு அணைத்த பிறகும் ஒளிர்ந்தால், பிளக்கைத் திருப்பிச் செருகிப் பாருங்கள். ஒளி மறைந்துவிட்டால், வயரில் உள்ள ஸ்விட்ச் இதுவரை நியூட்ரலைத் துண்டித்துக்கொண்டிருந்தது என்று பொருள்.

ஸ்விட்சே மின்னோட்டத்தை விடும்போது

இருட்டில் ஸ்விட்சைக் கண்டுபிடிக்க உதவும் சிறு குறிவிளக்கு சில ஸ்விட்சுகளில் இருக்கிறது. பெரும்பாலும் அது ஒரு நியான் விளக்கும், மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் ஒரு ரெசிஸ்டரும் சேர்ந்த அமைப்பு. ஸ்விட்சின் இரு முனைகளுக்கிடையே அது இணைக்கப்பட்டிருந்தால், அது எரியத் தேவையான மின்னோட்டம் பெரிய விளக்கின் வழியாகத்தான் சுற்றை முடிக்க வேண்டும். அந்த மின்னோட்டம் அரை முதல் ஒரு மில்லி ஆம்பியர் அளவில் இருக்கும். அதாவது மேலே கணக்கிட்டதைப் போலப் பத்து மடங்குக்கும் அருகில் அல்லது மேலாக. இத்தகைய இடங்களில் ஒளி வெளிப்படையாகவே தெரியும்.

வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர், ஆள் நடமாட்டத்தை உணரும் மோஷன் சென்சர், கைப்பேசியால் இயக்கும் ஸ்மார்ட் ஸ்விட்ச் ஆகியவற்றில் நியூட்ரல் இணைப்பு இல்லாத வகைகளும் இதே போன்றவை. அவற்றின் உள்ளே ஒரு மின்னணுச் சுற்று எப்போதும் விழித்திருக்க வேண்டும். அதற்கான மின்சாரத்தை விளக்கின் வழியாகவே அவை எடுத்துக்கொள்கின்றன. இது கோளாறல்ல, அவை வடிவமைக்கப்பட்ட விதம் அப்படி.

விட்டு விட்டு மின்னுவதும், மெல்ல மறைவதும்

சில விளக்குகள் மங்கலாகத் தொடர்ந்து ஒளிராமல், சில நொடிகளுக்கு ஒருமுறை பளிச்சென்று மின்னி அணைகின்றன. காரணம் அதேதான், விளக்கின் உள்ளமைப்பு மட்டும் வேறு. மாறுதிசை மின்சாரத்தை எல்இடிக்கு ஏற்றதாக மாற்றும் சுற்றுக்கு டிரைவர் என்று பெயர். அதனுள் இருக்கும் கெப்பாசிட்டர், கசிந்து வரும் மின்னோட்டத்தைச் சிறுகச் சிறுகச் சேமிக்கிறது. குறிப்பிட்ட மின்னழுத்தத்தை எட்டியதும் டிரைவர் இயங்கத் தொடங்குகிறது. சேமித்தது நொடிப்பொழுதில் தீர்ந்து விளக்கு அணைகிறது. சேமிப்பு மீண்டும் தொடங்குகிறது. தொடர்ந்து ஒளிரும் விளக்கைவிட இதையே முதலில் சரிசெய்யச் சொல்வேன். ஏனெனில் ஓய்வே இல்லாமல் இயங்கி நிற்கும் டிரைவரின் ஆயுள் வீணாகக் குறையும்.

அணைத்தவுடன் மெல்ல மங்கிச் சில நொடிகளில் மறைந்துவிடும் ஒளி வேறு வகை. அது அந்தக் கெப்பாசிட்டரில் எஞ்சிய மின்னூட்டம் தீரும் வரை நீடிப்பது மட்டுமே. அதற்கு எதுவும் செய்யத் தேவையில்லை.

காரணத்தைக் கண்டறியும் வரிசை

எந்தக் கருவியும் இல்லாமல், எதையும் திறக்காமல், பார்த்தே பாதி காரணங்களை விலக்கிவிடலாம். அணைத்து ஐந்து நிமிடங்கள் கழித்தும் ஒளி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால், அந்த விளக்குச் சுற்றுக்கான எம்சிபியை (மின்பெட்டியில் ஒவ்வொரு சுற்றுக்கும் தனியாக உள்ள பாதுகாப்பு ஸ்விட்ச்), அது எதுவென்று தெரியாவிட்டால் மெயின் ஸ்விட்சையே, அணைத்துப் பாருங்கள். அப்போது ஒளி மறைந்தால் மின்னோட்டம் வெளியிலிருந்துதான் வருகிறது.

அடுத்து ஸ்விட்சைப் பாருங்கள். அதில் குறிவிளக்கு இருக்கிறதா, அது டிம்மரா, இரண்டு இடங்களிலிருந்து இயக்கும் டூ-வே அமைப்பா என்பதே பல வேளைகளில் விடையைத் தந்துவிடும். இவற்றில் எதுவும் இல்லாத, குறுகிய தூர வயரிங் கொண்ட சாதாரண ஸ்விட்சாக இருந்தும் விளக்கு ஒளிர்ந்தால், ஸ்விட்ச் நியூட்ரலில் இருக்கிறதோ என்ற ஐயம் வலுவாக எழ வேண்டும். டூ-வே அமைப்பு, குறிவிளக்கு என்று வேறு காரணம் கிடைத்துவிட்டாலும் இந்தச் சோதனையைத் தவிர்க்கக் கூடாது. ஒரே சுற்றில் இரண்டு காரணங்களும் சேர்ந்தே இருக்கலாம்.

வானிலையையும் கவனியுங்கள். மழைநாட்களில் ஒளி கூடி, வறண்ட நாட்களில் குறைந்தால், சுவரிலோ இணைப்புப் பெட்டியிலோ ஈரம் புகுந்து உண்மையிலேயே காப்பு பழுதாகியிருக்கலாம். மக்கள் அஞ்சும் மின்கசிவு என்பது இதுதான். எல்லா மங்கல் ஒளியும் இதுவல்ல. ஆனால் இது இருக்கும் வீட்டில் அலட்சியம் கூடாது.

பல்பை மாற்றிப் பார்ப்பதும் பயன் தரும். ஆனால் எம்சிபியை அணைத்த பிறகே மாற்ற வேண்டும். வேறு தயாரிப்புப் பல்பு ஒளிராமல் இருந்தால், அதனுள் சிறு மின்னோட்டத்தை உறிஞ்சிக்கொள்ளும் ரெசிஸ்டர் இருக்கக்கூடும். ஒளி மறைந்தது என்பதாலேயே வயரிங் சரியாக இருக்கிறது என்று அதிலிருந்து முடிவு செய்ய முடியாது.

டெஸ்டரும் மல்டிமீட்டரும் தரும் குழப்பம்

விளக்குக்கு வரும் கம்பியில், ஸ்விட்ச் அணைந்திருக்கும்போது டெஸ்டரை வைத்தால் அதன் நியான் எரியக்கூடும். டிஜிட்டல் மல்டிமீட்டர் நூறு வோல்ட்டுக்கும் மேல் காட்டக்கூடும். இதைப் பார்த்துப் பெரிய கசிவு என்று பதறிச் சுவரை உடைத்தவர்கள் உண்டு. டிஜிட்டல் மல்டிமீட்டரின் உள்தடை பொதுவாக ஒரு கோடி ஓம். கெப்பாசிட்டர் வழியாகத் தாவி வரும் மிகச் சிறிய மின்னோட்டத்தைக்கூட அது ஏறக்குறைய அப்படியே மின்னழுத்தமாகக் காட்டிவிடுகிறது. குறைந்த உள்தடையில் அளக்கும் வசதியுள்ள மீட்டரில் அளந்தாலோ, சிறிதளவு சுமையை இணைத்தாலோ, அந்த மின்னழுத்தம் சரிந்துவிடும். அப்படிச் சரிந்தால் வந்தது வெறும் தாவல். சரியாமல் முழு மின்னழுத்தம் நின்றால் கம்பி நேரடியாகவே ஃபேஸுடன் இணைந்திருக்கிறது. இந்த அளவீடுகளைத் தகுதியுள்ள மின்பணியாளரே செய்ய வேண்டும். படிப்பவர் அறிந்துகொள்ள வேண்டியது, மீட்டர் காட்டிய எண்ணை மட்டும் வைத்து யாரும் அவசர முடிவுக்கு வரக் கூடாது என்பதே.

மின்கட்டணம் ஏறுமோ என்ற கவலையையும் இங்கேயே தீர்த்துவிடலாம். குறிவிளக்கின் ஒரு மில்லி ஆம்பியரை எடுத்துக்கொண்டாலும், 230 வோல்ட்டில் அது கால் வாட்டுக்கும் குறைவு; ஆண்டு முழுவதும் இடைவிடாமல் ஓடினாலும் இரண்டு யூனிட்டைச் சுற்றியே நிற்கும்.

எந்தக் காரணத்துக்கு எந்தத் தீர்வு

ஸ்விட்ச் நியூட்ரலில் இருந்தால் அதை ஃபேஸுக்கு மாற்றுவது ஒன்றே தீர்வு. பல்பை மாற்றியோ வேறு உறுப்பு எதையாவது சேர்த்தோ ஒளியை மறைப்பது, ஆபத்தை அப்படியே விட்டுவிட்டு அதன் அடையாளத்தை அழிப்பதாகும். அதைச் செய்யவே கூடாது.

குறிவிளக்குதான் காரணமென்றால், குறிவிளக்கில்லாத ஸ்விட்சை வைக்கலாம். அல்லது குறிவிளக்குக்குத் தனியாக நியூட்ரல் இணைப்பு தரும் வகையைப் பயன்படுத்தலாம். ஸ்மார்ட் ஸ்விட்சுக்கும் இதே விதி பொருந்தும். புதிதாக வயரிங் செய்பவர்கள் ஒவ்வொரு ஸ்விட்ச் பெட்டிக்கும் ஒரு நியூட்ரல் கம்பியைக் கொண்டுவந்துவிட்டால் பிற்காலத்தில் இந்தத் தொல்லை எழாது.

கம்பிகளுக்கிடையே தாவும் மின்னோட்டம் காரணமென்றால், விளக்குக்கு இணையாக ஒரு சிறிய கெப்பாசிட்டரைச் சேர்ப்பதே நல்ல வழி. 0.1 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர் 50 ஹெர்ட்ஸில் ஏறத்தாழ 32,000 ஓம் தடையாக நடந்துகொள்ளும். நாம் கணக்கிட்ட 70 மைக்ரோ ஆம்பியர் அதன் வழியாகப் போகும்போது விளக்கின் முனைகளில் எஞ்சுவது இரண்டு வோல்ட்டுக்குச் சற்று மேலான மின்னழுத்தமே. எல்இடி வரிசை ஒளிர அது போதாது. குறிவிளக்கின் ஒரு மில்லி ஆம்பியருக்கோ அதே கெப்பாசிட்டரில் முப்பது வோல்ட் எஞ்சும், அங்கே 0.22 அல்லது 0.47 மைக்ரோ ஃபாரட் தேவைப்படலாம். எதுவானாலும் அது மின்வழங்கலுக்குக் குறுக்கே நிரந்தரமாக இருக்கத் தகுதி பெற்ற, எக்ஸ்2 என்று குறிக்கப்பட்ட வகையாகவே இருக்க வேண்டும். சேமித்த மின்னூட்டம் வடிய ஒரு ரெசிஸ்டரும் உடன் இருக்க வேண்டும். டிம்மர் உள்ள சுற்றில் இதை விருப்பப்படி சேர்க்கக் கூடாது. சிலவகை டிம்மர்களைக் கெப்பாசிட்டர் கெடுத்துவிடும் என்பதால், அந்த டிம்மரைத் தயாரித்தவர் பரிந்துரைக்கும் பைபாஸ் உறுப்பையே பயன்படுத்த வேண்டும். ஒரே ஸ்விட்சில் பல விளக்குகள் இருந்தால் ஏதேனும் ஒரு விளக்குக்கு இணையாக ஒன்று வைத்தாலே அனைத்துக்கும் போதும். அவை எல்லாம் ஒன்றுக்கொன்று இணையாகவே இணைக்கப்பட்டிருக்கின்றன.

ஈரத்தால் காப்பு பழுதாகியிருக்கிறது என்ற ஐயம் இருந்தால் மேலே சொன்ன எதையும் முயலாமல், முதலில் அந்தச் சுற்றின் எம்சிபியை அணைத்து வைத்துவிட வேண்டும். மின்பணியாளர் விளக்குகளையும் மின்னணு உறுப்புகளையும் கழற்றிவிட்டு, மெக்கர் என்னும் கருவியால் 500 வோல்ட்டில் காப்புத் தடையை அளப்பார். வீட்டு வயரிங்குக்கு அது 1 மெகா ஓமுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். குறைந்திருந்தால் ஈரம் வரும் வழியை அடைத்து, பழுதான கம்பியை மாற்றி, மீண்டும் அளந்து உறுதி செய்த பிறகே அந்தச் சுற்றுக்கு மின்சாரம் கொடுக்க வேண்டும்.